சிந்தியா ராத்ராக்கின் முதல் படம்: 'இன் தி லைன் ஆஃப் டியூட்டி' ஒன்றா, இரண்டா?

'இன் தி லைன் ஆஃப் டியூட்டி' என்ற பெயரில் விற்கப்பட்ட இரண்டு படங்களில் எதில் அவர் அறிமுகமானார் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில்தான். அதன் உண்மையான பெயர் 'யெஸ், மேடம்', 1985இல் வந்த ஹாங்காங் போலீஸ் படம். கராத்தே மேடைகளில் பட்டம் வென்ற அமெரிக்க நடிகை ராத்ராக் முதன்முதலாகத் திரைக்கு வந்தது அதில்தான். "முதல் பாகம் முழுக்கப் பார்த்தேன், அவரையே காணோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். காண முடியாது, ஏனென்றால் அவர் அதில் இல்லை.

குழப்பம் வந்தது விற்பனைப் பெயரால். 1986இல் வந்த 'ராயல் வாரியர்ஸ்' வெளிநாடுகளில் முதல் எண்ணோடு போனது. முந்தைய ஆண்டு வந்த 'யெஸ், மேடம்' படத்துக்கு இரண்டாம் எண் ஒட்டிவிட்டார்கள். கதைத் தொடர்ச்சி எதுவும் கிடையாது, நடிகை மிஷேல் யோ இரண்டிலும் இருப்பதுதான் ஒற்றுமை.

வட்டின் உறையை நம்பாமல் படத்தையே கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். விமானக் கடத்தலும் ஜப்பானிய நடிகர் ஹிரோயுகி சனாடாவும் வந்தால் அது 'ராயல் வாரியர்ஸ்'. மைக்ரோஃபிலிமை (ஆவணங்களைச் சுருக்கிப் பதிந்த படச்சுருள்) தேடும் கதை, அப்புறம் ஆஸ்பிரின், பனடால், ஸ்ட்ரெப்சில் என்று மாத்திரைப் பெயர் வைத்த மூன்று சில்லறைக் குற்றவாளிகள் வந்தால் நீங்கள் தேடும் 'யெஸ், மேடம்' அதுதான். (பனடாலாக வருபவர் இயக்குநர் சுயி ஹார்க்!) அந்த மூவரின் காமெடி எனக்கு இழுவைதான். ஆனால் கண்ணாடிகள் நொறுங்கும் கடைசிச் சண்டைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனம்: 'யெஸ், மேடம்' படத்தை மிஷேல் யோவின் அறிமுகப் படம் என்று குறித்துவிடாதீர்கள். 1984லேயே நடித்துவிட்டார், கதாநாயகியாகத்தான் இது முதல். பழைய பிரதிகளில் அவர் பெயர் மிஷேல் கான் என்று இருக்கும்.