ஹை ஸ்கூல் மியூசிக்கல் ஆல்பத்துல டிராய் குரல் மாறுதா?

உங்க சிடி டூப்ளிகேட் இல்லைங்க, பயப்படாதீங்க. 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' டிஸ்னி படத்தோட முதல் பாகத்துல ஹீரோ டிராய் பாடுறதும் ரெண்டாவதுல பாடுறதும் வேற வேற ஆள் மாதிரி இருக்கு, சிடி டூப்ளிகேட்டான்னு கேட்டிருந்தீங்கல்ல, உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு. 2006ல வந்த முதல் ஆல்பத்துல பெரும்பாலும் கேக்குறது ட்ரூ சீலிங்கிற பாடகரோட குரல், டிராயா நடிச்ச ஜாக் எஃப்ரான் குரல அங்கங்க கலந்திருப்பாங்க, ஏன்னா பாட்டெல்லாம் எஃப்ரானுக்கு எட்டாத உயரத்துல அமைஞ்சிருந்துச்சு. 2007 பாகத்துல அவரே பாடிட்டார்.

பையன் ஆண்டு விழாவுல 'பிரேக்கிங் ஃப்ரீ' பாடப்போறான்னீங்க, அதுக்கு யூடியூப்ல தேடி அலையவே வேணாம், அதே முதல் ஆல்பத்தோட கடைசில அந்தப் பாட்டுக்கே கரோக்கி டிராக் இருக்கு, குரல் இல்லாம வெறும் இசை மட்டும். ஆனா ஒண்ணு, பாட்டு முடியப்போற நேரத்துல சுருதி ஒரு படி மேல ஏறும் பாருங்க, குரல் உடையுற வயசுப் பசங்க சரியா அங்கதான் திணறுவாங்க. தயவுசெஞ்சு கத்தவிடாதீங்க, ஏதாவது ஒரு ஆப்ல டிராக்கையே கொஞ்சம் இறக்கிட்டுப் பாடச் சொல்லுங்க, இது டூயட் பாட்டுங்கிறதால கூடப் பாடுற பொண்ணுக்கும் அது ஒத்துவருதான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.