மரத்தடியில் ஒரு சாயங்காலம்

கேள்வி: போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைப் பார்க்க நானும் கணவரும் திடீரென்று ஒரு ஜெர்மன் நகரத்துக்குக் கிளம்பினோம். 25ஆம் தேதி போய் இறங்கினால், சந்தை முடிந்து கடைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். குளிரில் நடந்ததுதான் மிச்சம். இந்த வருடமும் யோசிக்காமல் லண்டனுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம், 22 முதல் 26 வரை. இந்த முறையாவது பண்டிகை களை கட்டுமா?
– ஒரு வாசகி

பதில்: போன வருட ஏமாற்றத்துக்கு உங்கள் அவசரம் காரணமில்லை, தேதிதான் காரணம். ஜெர்மனியில் பெரும்பாலான கிறிஸ்துமஸ் சந்தைகள் 23 அல்லது 24ஆம் தேதியோடு முடிந்துவிடும். 24 மாலை எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். நீங்கள் கதவு சாத்திய பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

இந்த முறை 22ஆம் தேதியே போகிறீர்கள், நல்லது. ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: 25ஆம் தேதி லண்டனில் சுரங்க ரயில், பேருந்து, வெளியூர் ரயில் எதுவும் ஓடாது. 24 இரவிலேயே ரயில்கள் குறையத் தொடங்கும். அதனால் விடுதியை நகரத்தின் நடுவிலேயே எடுங்கள், அறை சின்னதாக இருந்தாலும் சரி. 25ஆம் தேதி சாப்பாட்டுக்கும் இன்றே எங்காவது இடம் சொல்லி வைத்துவிடுங்கள். திட்டம் என்று வேண்டியது இவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டால் களைப்புதான் மிஞ்சும். ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்யும் ஏதாவது ஒன்றில் நீங்களும் போய் நில்லுங்கள். வேடிக்கை பார்க்கும்போது வராத சந்தோஷம், கூட நிற்கும்போது வரும். எனக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. இதைக் குறையாக நினைக்காதீர்கள். மூன்றரை மணிக்கு டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். அங்கே நிற்கும் உயரமான மரம் நார்வேயின் ஆஸ்லோ நகரம் தரும் பரிசு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் துணை நின்றதற்கு நன்றியாக 1947 முதல் வருடா வருடம் வருகிறது. அதில் விளக்குச் சரங்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டாமல், நார்வே வழக்கப்படி மேலிருந்து கீழாகத் தொங்க விட்டிருப்பார்கள். வானம் நீலமாக இருட்ட இருட்ட அந்த விளக்குகள் துலங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.

23 அல்லது 24ஆம் தேதி ஒரு தேவாலயத்தில் கேரல் பாட்டு வழிபாட்டுக்குப் போங்கள். எந்த மதத்தவரும் போகலாம். பல இடங்களில் பாட்டு வரிகளை அச்சடித்துக் கையில் தருவார்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று கவலைப்படாமல் கூடவே பாடுங்கள். தெரியாத நூறு பேரோடு ஒரே பாட்டைப் பாடும்போது அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. பெரிய தேவாலயங்களில் கூட்டம் நெரியும், சிலவற்றில் முன்பதிவும் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தேவாலயம் கிடைத்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ரீஜெண்ட் தெரு விளக்குகளைப் போகிற போக்கில் பார்த்துவிடலாம். ஹைட் பார்க்கில் ராட்டினங்களோடு நடக்கும் விண்டர் வொண்டர்லேண்ட் குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சரி. நீங்கள் இருவர் மட்டும் என்றால் அந்த நேரத்தை மரத்தடியிலேயே கழிக்கலாம்.

25ஆம் தேதிதான் உங்களுக்குப் பயமாக இருக்கும், போன வருட ஞாபகத்தில். அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பி ஹைட் பார்க்கின் செர்பன்டைன் ஏரிக்கு நடந்து போங்கள். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. அந்த ஏரியின் நீச்சல் சங்கத்தார் கிறிஸ்துமஸ் காலையில் குளிர்ந்த நீரில் இறங்கி 100 கஜம் போட்டி போட்டு நீந்துவார்கள். 1864இல் தொடங்கிய வழக்கம். நீந்துவது உறுப்பினர்கள் மட்டும்தான். ஆனால் கரையில் யார் வேண்டுமானாலும் நின்று கைதட்டலாம். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், நல்ல கையுறை போட்டுக்கொண்டு. திரும்பும்போது வண்டிச் சத்தம் அடங்கிய அந்தப் பெரிய சாலைகளில் மெதுவாக நடந்து வாருங்கள். எதிரே வருகிறவர்களில் யாராவது உங்களுக்கு வாழ்த்துச் சொன்னால், நீங்களும் நின்று திருப்பிச் சொல்லுங்கள்.