டார்ஜிலிங் நீராவி எஞ்சின்கள் ஏன் இவ்வளவு சிறியவை?

டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் 'பி' வகை நீராவி எஞ்சின்கள் ஏன் பொம்மையைப் போல் சிறியவையாக இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய அந்தப் பாதையின் அகலம் 610 மில்லிமீட்டர் மட்டுமே. பழைய வண்டிச் சாலையை ஒட்டியே அமைந்த அதன் கூர்மையான வளைவுகளில் நீளமான எஞ்சின் திரும்பவே முடியாது. ஆகவே, 1889 முதல் உருவாக்கப்பட்ட இவற்றுக்கு நான்கே சக்கரங்கள்.

நம் நீலகிரி ரயிலுக்குச் செங்குத்தான பகுதியில் பல்சட்டம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம், துணை நிற்கிறது. டார்ஜிலிங்கிலோ தண்டவாளத்தின் மீது சக்கரத்துக்கு உள்ள பிடிமானம் ஒன்றே ஆதாரம். தண்ணீருக்கும் நிலக்கரிக்கும் எனத் தனிப் பெட்டி எதையும் இழுக்காமல், கொதிகலனை அணைத்தபடி தண்ணீர்த் தொட்டியையும் ஓட்டுநர் அறைக்கு முன்னால் நிலக்கரியையும் எஞ்சினே சுமப்பதால், அந்த எடை முழுவதும் நான்கு இயக்கு சக்கரங்களின் மீதே இறங்கிப் பிடிமானத்தைக் கூட்டுகிறது. எனக்கு இதுவே அந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த அம்சமாகத் தோன்றுகிறது. மழையிலும் பனியிலும் தண்டவாளம் வழுக்கும்போது, எஞ்சினின் முன்புறத்தில் அமர்ந்திருக்கும் பணியாளர்கள் கையாலேயே மணல் தூவுவார்கள்.

சுமார் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் செல்லும் வழியில், பதாசியா வளைவில் பாதை தன்னையே கடந்து சுழல்கிறது. அங்கே வண்டி நிற்கும்போது இறங்கி, எஞ்சினை அருகிலிருந்து பாருங்கள்.