பூனையை யாரும் பிடித்து வரவில்லை

கே: ஓநாய்க்குட்டியைத் தூக்கி வந்து வளர்த்ததால்தான் நாய் உண்டானதா, சார்?

ப: அப்படியும் ஒரு கருத்து உண்டு. ஆனால் எடுத்து வளர்த்த குட்டி எவ்வளவு ஒட்டினாலும் அது பழகிய ஓநாய்தான்; அது ஈனும் குட்டிக்குப் பழைய குணமே இருக்கும். மனிதர் வீசிய எலும்பைத் தேடி ஓநாய்களே வந்தன என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆளைக் கண்டதும் ஓடியவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. பாய்ந்தவை அடிபட்டுச் செத்திருக்கும். தயங்கித் தயங்கி நின்றவைதான் தின்று, குட்டி போட்டுப் பெருகின. ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காஸலில், சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணையும் பெண்ணையும் ஒரு நாய்க்குட்டியோடு புதைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டி நோயில் கிடந்ததைப் பற்கள் காட்டுகின்றன. யாரோ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கே: பூனை எப்படி வந்தது?

ப: தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. அவ்வளவுதான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில், மனிதர் ஒருவருக்கு ஒரு முழம் தள்ளிப் பூனை கிடக்கிறது. அந்தத் தீவுக்குச் சொந்தமான பூனை கிடையாது. அப்படியென்றால் யாரோ படகில் ஏற்றி வந்திருக்கிறார்கள்!

கே: இந்த மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டுமா?

ப: மனிதர் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தால் வேண்டாம். 1959-இல் ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர், தோல் ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளில் சாதுவானவற்றை மட்டும் இனம் சேர்க்கத் தொடங்கினார். நிறத்தையோ உருவத்தையோ பார்க்கவில்லை. கூண்டுக்குள் கை நீட்டினால் என்ன செய்கிறது என்பதுதான் சோதனை. நான்காம் தலைமுறையிலேயே ஆளைக் கண்டு வாலாட்டும் குட்டி பிறந்தது. அப்புறம் தொங்கு காது, சுருண்ட வால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி எல்லாம் வந்தன. ஆனால் ஒன்று, அந்த நரிகள் காட்டிலிருந்து நேரே பிடித்தவை அல்ல. பல தலைமுறையாகப் பண்ணையில் இருந்தவை. அதனால் இந்த வேகத்தை அப்படியே ஓநாய்க்குப் பொருத்த மாட்டேன்.

கே: நாங்கள் கோழி வளர்க்கிறோம். இதன் மூதாதை நம்மூர்க் காட்டுக்கோழியா?

ப: பெரும்பங்கு தென்கிழக்கு ஆசியச் சிவப்புக் காட்டுக்கோழி. நெல் விளைந்த இடத்தில் மேய வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் உங்கள் கோழிக்குக் கால் மஞ்சளாக இருந்தால், அந்த மரபணு மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வந்தது.

கே: அப்போ யானையும் வீட்டு விலங்குதானே?

ப: இல்லை. முதுமலை தெப்பக்காட்டுக் கும்கிகூடப் பழக்கிய காட்டு யானைதான். மதம் பிடித்தால் சங்கிலியில் கட்டி வைத்து, அதன் பாகனே எட்ட நின்றுதான் தீனி போடுவார்.