வாட்டர்ஃபாலில் தெரியும் கோடெல்லாம் சிக்னல் அல்ல: எஸ்டிஆர் இரைச்சல் பற்றிய கேள்வி பதில்

எஸ்டிஆர் (கணினி மென்பொருளின் உதவியோடு இயங்கும் ரேடியோ) வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் பலர், "திரையில் எங்கிருந்தோ கோடு வருகிறது, இரைச்சல் குறையவே மாட்டேன் என்கிறது" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அலைவரிசைகளில் வருவதை நேரப்படி வழிந்தோடும் படமாகக் காட்டும் அந்தத் திரையைத்தான் வாட்டர்ஃபால் என்கிறோம். முடிந்தவரை எல்லோருக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கேள்வி: என்னுடைய ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) சரியாக 144.000 மெகாஹெர்ட்ஸில் எப்போதும் ஒரு கோடு நிற்கிறது. ஆன்டெனாவைக் கழற்றினாலும் போகவில்லை. டாங்கிள் பழுதா?

பழுது இல்லை. டாங்கிளுக்குள் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் கிரிஸ்டல் ஒன்று இருக்கிறது. அதன் மடங்குகளிலும் (ஹார்மோனிக்) சிக்னல் கசியும். ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், 144.0 வரும். பதினைந்தால் பெருக்கினால் 432.0. இரண்டு மீட்டர், எழுபது சென்டிமீட்டர் ஹாம் பேண்டுகளில் நமக்கு வேண்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரேடியோவுக்குள்ளேயே பிறக்கும் இப்படிப்பட்ட போலிக் கோட்டைத்தான் பேர்டி என்கிறோம்.

இதை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். டாங்கிள் சூடாகும்போது கிரிஸ்டல் கொஞ்சம் நகரும், அதனால் வெளியிலிருந்து வரும் சிக்னல்கள் எல்லாம் திரையில் மெல்லச் சரியும். ஆனால் இந்தக் கோடு மட்டும் அசையாது. கோட்டை உண்டாக்குவதும் அதே கிரிஸ்டல், டயலுக்கு அளவுகோலும் அதே கிரிஸ்டல். இரண்டும் சேர்ந்தே நகர்வதால் நமக்கு நிற்பது போலத் தெரிகிறது. சுற்றியிருப்பவை சரிய, ஒன்று மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றால் அது உள்ளே பிறந்தது. உலோகப் பெட்டிக்குள் வைத்தால் ஓரளவு குறையலாம், முழுக்கப் போகாது. அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் கேளுங்கள்.

கேள்வி: திரையின் நட்டநடுவில் ஒரு கூர்மையான முள். எங்கே டியூன் செய்தாலும் கூடவே வருகிறது.

ஹேக்ஆர்எஃப், புளூட்டோ மாதிரி எஸ்டிஆர்கள் நேரடி கன்வர்ஷன் ரேடியோக்கள், அதாவது டியூன் செய்த அலைவரிசையை ஒரே படியில் பூஜ்ஜியத்துக்கு இறக்குபவை. அவற்றின் இயல்பு அது. உள்ளே தங்கிப்போகும் சிறு டிசி மின்னழுத்தம்தான் அப்படித் தெரிகிறது. கேட்க வேண்டிய அலைவரிசையை நடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள், போதும்.

கேள்வி: எது நிஜ சிக்னல், எது போலி என்று பொதுவாக எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலேயே ஃபில்டர் வாங்கிவிடுகிறோம்.

முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) மாட்டுங்கள். கோடு அப்படியே இருந்தால் அது ரேடியோவுக்குள் பிறந்தது, அல்லது யுஎஸ்பி கேபிள் வழியாக நுழைந்தது. போய்விட்டால் ஆன்டெனா வழியாக வந்தது.

அடுத்தது சென்டர் அலைவரிசையை 10 கிலோஹெர்ட்ஸ் நகர்த்துவது. நிஜ சிக்னல் தன் அலைவரிசை எண்ணை விட்டு நகராது. டிசி முள் கூடவே 10 நகரும். ஐக்யூ (ரேடியோவுக்குள் சிக்னல் போகும் இரட்டைப் பாதைகள்) சமநிலை சரியில்லாததால் வரும் கண்ணாடிப் பிம்பம் இருக்கிறதே, அது 20 நகரும். சென்டரிலிருந்து நிஜ சிக்னல் ஒரு பக்கம் எவ்வளவு தூரமோ, பிம்பம் மறுபக்கம் அவ்வளவு தூரம் என்பதால் இப்படி.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் கைவிடும். ஆர்டிஎல் டாங்கிளை டைரக்ட் சாம்ப்ளிங்கில், அதாவது டியூனரைத் தவிர்த்து ஆன்டெனாவை நேராக ஏடிசிக்கு (சிக்னலை எண்களாக மாற்றும் பகுதி) கொடுத்து ஓட்டும்போது சாம்ப்ளிங் வேகம் 28.8 மெகாஹெர்ட்ஸ் என்று நிலையாக இருக்கிறது. அதில் பாதியான 14.4-க்கு மேலே உள்ளவை கீழே மடிந்து விழும், டயலைத் திருப்பினாலும் அவை இடம் மாறாது. 21.65 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் சிற்றலை ஒலிபரப்பு உங்கள் 40 மீட்டரில் 7.15-ல் கேட்கும். ஏஎம் என்பதால் மடிந்தாலும் ஒலி மாறாது, காதால் கண்டுபிடிக்க முடியாது. முன்னால் ஒரு லோபாஸ் ஃபில்டர் (உயர் அலைவரிசைகளைத் தடுப்பது) போட்டுப் பாருங்கள். மறைந்தால் மடிந்து வந்ததுதான்.

கேள்வி: கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் எஃப்எம் நிலையங்கள் கண்ட இடத்திலெல்லாம் கேட்கின்றன.

ஏற்றாதீர்கள். அந்த டாங்கிளின் ஏடிசி 8 பிட், அதற்கு மேல் அதனால் தாங்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஆன்டெனா பக்கம் 3 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) மாட்டுங்கள். நிஜ சிக்னல் 3 டிபி இறங்கும். மூன்றாம் படி இன்டர்மாடுலேஷன் (வலுவான சிக்னல்கள் ரேடியோவுக்குள் கலந்து உண்டாக்கும் போலி) 9 டிபி அளவுக்குச் சரிந்துவிடும். அப்புறம் எஃப்எம் பேண்டான 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் பேண்ட்ஸ்டாப் ஃபில்டர் போடலாம்.

ஹெச்எஃப்பில் (சிற்றலைப் பகுதி) கெயின் எவ்வளவு வைப்பது என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆன்டெனாவை மாட்டும்போது இரைச்சல் தளம் 6 முதல் 10 டிபி எழுந்தால் போதும். அதற்கு மேல் வைக்கும் கெயின் ஒன்றையும் கூடுதலாகக் கேட்கவைக்காது.

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்கச் சீப்புப் பற்கள் போல ஒரே இடைவெளியில் கோடுகள். கோடுகள் லேசாக நெளிகின்றன.

நெளிகிறது என்றாலே ஸ்விட்சிங் பவர் சப்ளையை (சார்ஜர், அடாப்டர் போன்றவை) சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் போல நிலையாக இருக்காது, லோடு மாறினால் அதுவும் அசையும். இடைவெளி பெரும்பாலும் சில பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் நூறு சொச்சம் வரை இருக்கும்.

ரேடியோவையும் லேப்டாப்பையும் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டு மெயினை அணைத்துவிட்டு வாட்டர்ஃபாலைப் பாருங்கள். சுத்தமானால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுவாருங்கள். என் வீட்டில் பல மாதம் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். ஒரு ராத்திரி இப்படிச் செய்தபோது நான்காவது பிரேக்கரைப் போட்ட கணமே சீப்பு திரும்ப வந்தது. அந்த அறையில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். கடைசியில் எதிலும் இணைக்காமல் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு சார்ஜர்தான்.

தூக்கிப்போட முடியாத கருவி என்றால் ஃபெரைட். 31-ஆம் மிக்ஸ் (ஃபெரைட் கலவையின் வகை எண்) வளையத்தில், கருவியிலிருந்து வரும் கேபிளை அதன் பக்கத்திலேயே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். தடை சுற்றுகளின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். கிளிப் வகை ஃபெரைட்டில் கேபிள் ஒரே ஒரு முறை நுழைவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை. ஆன்டெனா கோஆக்ஸிலும் இப்படி ஒரு சோக் போட்டுவிடுங்கள். உறையின் வெளிப்பக்கம் ஓடிவரும் இரைச்சலை அது நிறுத்தும்.

கேள்வி: மென்பொருளில் நாய்ஸ் பிளாங்கர் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

பிளாங்கர் பட்பட்டென்று வரும் துடிப்புகளுக்கு மட்டும்தான். தொடர்ந்து நிற்கும் சீப்பை அது தொடவே தொடாது.

கேள்வி: புளூட்டோவின் வெளியீட்டை நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அதிலிருந்து ஹார்மோனிக்குகள் தாராளமாக வரும், ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்குப் புதிதாகவும் உண்டாக்கும். முன்னால் உங்கள் பேண்டுக்கான பேண்ட்பாஸ், பின்னால் லோபாஸ், இரண்டும் வேண்டும். இவ்வளவு நேரம் நமக்கு வரும் இரைச்சலைப் பற்றிப் பேசினோம். இது நாம் மற்றவர்களுக்கு அனுப்பும் இரைச்சல். ஃபில்டர்கள் கைக்கு வரும்வரை டம்மி லோடில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.