ரோட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

ஆக்ஸிடெண்டில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் நம்மைச் சாட்சியாக்கி கோர்ட்டுக்கு அலைய விடும் என்கிறார்கள். அதனால் வண்டியை நிறுத்தவே பயமாக இருக்கிறது. – ரமேஷ், கே.ஆர்.புரம்

இந்தப் பயம் பழைய காலத்துப் பயம். 2016 மார்ச் மாதமே உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவையே சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது, அடிபட்டவர் இறந்துபோனாலும் சரி. பெயர், விலாசம், போன் நம்பர் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நீங்கள் கிளம்பலாம். சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். சொல்ல முன்வந்தால், உங்களுக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் வந்து விசாரிக்க வேண்டும். கர்நாடகம் இதற்கென்று தனிச் சட்டமே போட்ட மாநிலம். பயப்படாமல் நிறுத்துங்கள்.

நிற்காமல் போனால் தண்டனை உண்டா? – பெயர் வேண்டாம், விவேக் நகர்

வேடிக்கை பார்ப்பவருக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. மோதிய வண்டியின் டிரைவருக்கு உண்டு. ஆனால் தண்டனை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கடந்து போகிறவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

என் நண்பர் ஒருவரைக் காப்பாற்றப் போய் கேஸில் மாட்டிக்கொண்டார். நீங்கள் சொல்லும் சட்டமெல்லாம் எங்கே போனது? – குமரன், ஸ்ரீராம்புரம்

எங்கே நடந்தது, எப்போது நடந்தது, என்ன கேஸ் என்று ஒன்றுமே எழுதாமல் சட்டம் எங்கே என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? முக்கியமான விஷயம், மோதிய வண்டி யாருடையது? உங்கள் நண்பருடையது என்றால் இந்தப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது. வண்டி ஓட்டியவர் அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும் போலீஸுக்குச் சொல்வதும் சட்டப்படி அவருடைய கடமை. அதைச் செய்ததால் அவர் மூன்றாம் மனிதர் ஆகிவிட மாட்டார். முழு விவரத்தோடு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி அரைகுறையாக ஊரெல்லாம் சொல்லித்தான் நாலு பேர் நிற்க நினைத்தாலும் நிற்காமல் போகிறார்கள்.

ராத்திரி ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரில் தனியாக வருவேன். அவுட்டர் ரிங் ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் இறங்கலாமா? – சுகன்யா, மாரத்தஹள்ளி

இறங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. வெளிச்சமான இடத்தில் ஓரங்கட்டி, இண்டிகேட்டரைப் போட்டு, 112-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பார்வையில் படும்படி நின்றாலே பெரிய உதவி. பின்னால் வரும் வண்டி அடிபட்டவர் மேல் ஏறாமல் இருக்கும். யாராவது குடும்பத்தோடு காரில் வந்தால் கையைக் காட்டி நிறுத்துங்கள். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கிளம்பிப் போய், போகிற வழியிலாவது போன் செய்யுங்கள். அதில் தப்பே இல்லை.

108-க்குக் கூப்பிட்டால் இடம் சொல்லத் தெரிவதில்லை, கன்னடமும் சரியாக வராது. – செல்வம், எலக்ட்ரானிக் சிட்டி

மெட்ரோ தூணைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கும். ரோட்டின் பெயரும் தூண் நம்பரும் போதும். தூண் இல்லாத இடத்தில் பஸ் ஸ்டாப், பெட்ரோல் பங்க், கடை போர்டு என்று ஏதாவது ஒன்று. மொழி வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் கடைக்காரர் கையில் போனைக் கொடுங்கள். நெடுஞ்சாலை என்றால் 1033.

போன வாரம் சில்க் போர்டு அருகே ஒரு பையன் பைக்கிலிருந்து விழுந்தான். மயக்கமாக இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் குடிக்கக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். சரியாகத்தானே செய்தோம்? – தாமோதரன், பொம்மனஹள்ளி

நின்றீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் நீங்கள் செய்த நாலும் தவறு. இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த கடிதத்திலும் தண்ணீர் பாட்டில் வந்துவிடுகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

யார் விழுந்தாலும் கூட்டத்தில் ஒருவர் "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று குரல் கொடுப்பார். பஸ் நின்றால் கண்டக்டர் பாட்டிலை நீட்டுவார். எதிர்க் கடையிலிருந்து சோடா வரும். எல்லோரும் நல்லவர்கள்தான். மயக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கவும் தெரியாது, இருமவும் தெரியாது. ஊற்றிய தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். எமர்ஜென்சி வார்டில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டைக் காலர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், மூச்சு கரகரக்கும். உறிஞ்சும் டியூபை வாய்க்குள் விட்டால் இரத்தத்தோடு தண்ணீரும் சேர்ந்து வரும். தலையில் பட்ட அடியைவிட, நுரையீரலில் இறங்கிய அந்தத் தண்ணீரால் திணறியவர்கள் உண்டு.

நினைவோடு இருப்பவர் தானே கேட்டால்? அப்போதும் வேண்டாம். அடிபட்டவருக்கு நாக்கு வறண்டு தாகம் எடுத்தால், உள்ளே எங்கோ இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். தண்ணீர் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி வந்து அது இன்னொரு ஆபத்து. ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள். துப்பட்டாவோ சட்டையோ போர்த்திச் சூடாக வையுங்கள். பேச்சுக் கொடுங்கள்.

ஹெல்மெட்டை இழுத்தால் கழுத்தும் சேர்ந்து வரும். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை கால் நான்கும் செயலிழக்கலாம். மூச்சு நின்றுவிட்டது அல்லது வாய் அடைத்திருக்கிறது என்றால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம். மற்ற நேரத்தில் கண்ணாடியை மேலே தூக்கினால் போதும்.

ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதும் அதே கழுத்துக்குத்தான் கேடு. ஆம்புலன்ஸ் வருகிறது என்றால் காத்திருங்கள். வராது என்று உறுதியானால், அல்லது இரத்தம் நிற்கவே இல்லை என்றால், நாலு பேர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தூக்கிப் படுக்க வைக்க இடமுள்ள வண்டியில் ஏற்றுங்கள். வாந்தி எடுத்தால் மூவர் பிடித்து உடம்பை மொத்தமாக ஒருக்களித்துத் திருப்புங்கள், தலையை மட்டும் திருப்பாதீர்கள்.

மறுபடியும்: தண்ணீர் வேண்டாம்.

இரத்தத்தைத் தொட்டால் எய்ட்ஸ் வருமா? – மாலதி, பிரேசர் டவுன்

காயமில்லாத தோலில் பட்டால் வராது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைவசம் பிளாஸ்டிக் கவர் இருந்தால் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தில் மடித்த துணியை வைத்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கவே கூடாது. உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தாலோ, கண்ணில் தெறித்தாலோ, கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுக்கலாமா? – அன்பு, அல்சூர்

கூடாது. வாயிலும் எதையும் திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

முன்பின் தெரியாத ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது பத்தாயிரம் ரூபாய் கட்டினால்தான் பார்ப்போம் என்றார்கள். – பாஸ்கர், பேகூர்

கட்டியிருக்கவே கூடாது. உயிருக்குப் போராடுபவரை எந்த டாக்டரும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவி செய்தவரிடம், அவர் உறவினராக இல்லாதவரை, அட்மிஷனுக்குப் பணம் கேட்கவும் கூடாது. இந்த உரிமைகளை எழுதிய போர்டு ஆஸ்பத்திரி வாசலில் இருக்க வேண்டும். அதைக் காட்டிப் பேசுங்கள், மறுத்தால் அங்கிருந்தே 112-க்குப் போன் செய்யுங்கள்.

2016 பிப்ரவரியில் நெலமங்களா அருகே லாரி மோதி, உயிர் போகிற நேரத்திலும் தன் உறுப்புகளைத் தானம் செய்யச் சொன்ன ஹரீஷ் என்ற இளைஞரை நினைவிருக்கும். அவர் பெயரில்தான் கர்நாடக அரசு, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய்வரை தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2025-இல் மத்திய அரசு, அதற்கென்று சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம்வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தது. பணம் வருகிற வழி இருக்கிறது, அது நின்று உதவியவரின் பாக்கெட் இல்லை.

காப்பாற்றினால் 25,000 ரூபாய் பரிசாமே? – வினோத், ஹொரமாவு

உண்டு. 5,000 ஆக இருந்ததை 2025-இல் உயர்த்தினார்கள். பலத்த காயம் பட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும்.

மழையில் மின்கம்பத்தைத் தொட்டு ஒருவர் விழுந்து கிடந்தால்? – கீதா, சிவாஜிநகர்

தொடாதீர்கள், தேங்கிய தண்ணீரில் காலையும் வைக்காதீர்கள். முதலில் 1912-க்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், கூடவே இன்னொருவர் 108-க்குக் கூப்பிடட்டும். மின்சாரம் நின்றது உறுதியான பிறகு மூச்சைப் பாருங்கள். இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்துங்கள். கை வலித்தால் ஆள் மாறுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.