‘ஆல் இன்க்ளூசிவ்’ பேக்கேஜில் டைவிங் எங்கே இருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன், வயது 47. டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் மனைவி, 13 வயது மகனுடன் மாலத்தீவு போய் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை. ஏஜெண்ட் ஒருவர் மூன்று பேருக்கும் சேர்த்து 3 இரவு, 4 பகல், ‘ஆல் இன்க்ளூசிவ், ஸ்கூபா ஃப்ரீ’ என்று 2,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். விமான டிக்கெட் தனி. இன்று இரவுக்குள் பாதிப் பணம் கட்டினால்தான் இந்த விலை என்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தமானில் ஸ்கூபா செய்து சர்டிபிகேட் வாங்கியிருக்கிறோம். நான் பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். பணம் கட்டலாமா? கொட்டேஷனை இணைத்துள்ளேன்.

பதில்: கட்ட வேண்டாம். இன்று இரவு நிச்சயமாக வேண்டாம். ‘இன்றைக்கு மட்டும்’ விலை அடுத்த வாரமும் இருக்கும். இல்லாமல் போனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, ஏனென்றால் இந்த பேக்கேஜில் நீங்கள் ஆசைப்படும் டைவிங்கே கிட்டத்தட்ட இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரிசார்ட்காரர்கள் ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று சொல்வது சாப்பாட்டுக்கும் பாருக்கும். டைவிங் பொதுவாக அதில் வராது. பல தீவுகளில் டைவ் சென்டரே வேறொரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்துவது. அவர்கள் பில் தனி, விதி தனி. ரிசார்ட்டின் ரிசர்வேஷன் பிரிவிடம் டைவிங் பற்றிக் கேட்டால் வண்ணப் படம் போட்ட ஒரு கையேட்டை அனுப்புவார்கள், கேள்விக்குப் பதில் வராது. உங்கள் ஏஜெண்டுக்கோ அந்தத் தீவில் டைவ் சென்டர் இருப்பதே படத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் கடைசிக்கு மேல் வரியைப் பாருங்கள். எழுத்து மற்றதைவிடச் சிறியது. ‘காம்ப்ளிமென்டரி ஸ்கூபா எக்ஸ்பீரியன்ஸ், ஒரு ஜோடிக்கு ஒன்று, வானிலைக்கு உட்பட்டது’ என்று இருக்கிறது. இப்படி எழுதியிருந்தால் பெரும்பாலும் நீச்சல் குளத்திலோ இடுப்பளவு கடலிலோ அரை மணி நேரம் முகமூடி மாட்டி மூச்சுவிடச் சொல்லித் தருவதுதான். அதிலும் ‘ஜோடிக்கு ஒன்று’ என்பதால் மகனுக்கு இல்லை.

அடுத்தது நாள் கணக்கு. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். உங்கள் விமானம் மாலே வெலானா விமான நிலையத்தில் மாலை 4.40க்கு இறங்குகிறது. ரிசார்ட்டுக்கு ஸீப்ளேனில்தான், அதாவது தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில்தான் போக வேண்டும். ஸீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அங்கே டிசம்பரில் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். மதியம் மூன்றரைக்குள் மாலேயில் இறங்காதவர்களுக்கு அன்றைக்கு ஸீப்ளேன் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆக, முதல் இரவு விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஏதோ ஒரு ஹோட்டலில், அதுவும் உங்கள் செலவில். மூன்று இரவு அப்போதே இரண்டாகிவிட்டது.

திரும்பும்போதும் ஒரு நாள் போகும். நீருக்கடியில் அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. அது வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். அதனால்தான் ஒரே ஒரு சாதாரண டைவுக்குப் பின் 12 மணி நேரம், பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்று டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிறது. பல ரிசார்ட்டுகள் ஒரேயடியாக 24 மணி நேரம் என்று வைத்திருக்கின்றன. ஸீப்ளேன் தாழ்வாகத்தானே பறக்கிறது என்று வாதாடாதீர்கள், அதுவும் பறப்பதுதான். நான்காம் நாள் காலை ஸீப்ளேன் என்றால் மூன்றாம் நாள் காலையோடு கடலை மறந்துவிட வேண்டும். கூட்டிக் கழித்தால் ஆளுக்கு இரண்டு டைவ், அதுவும் கடல் ஒத்துழைத்தால்.

இப்போது பணம். கொட்டேஷனில் ‘டிரான்ஸ்ஃபர் எக்ஸ்ட்ரா’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு இந்த விலை எப்படிக் கட்டுபடியாகிறது என்று நானும் யோசித்தேன், விடை அதில் இருந்தது. ஸீப்ளேன் போகவர ஒரு ஆளுக்கு நானூறு, ஐந்நூறு டாலர் ஆவது அங்கே சர்வசாதாரணம். அப்புறம் டிசம்பர் 24 இரவு அங்கே இருக்கிறீர்கள். பல ரிசார்ட்டுகள் அன்றைக்கு ‘காலா டின்னர்’ என்று ஒரு விருந்தைக் கட்டாயமாகத் தலையில் கட்டி, ஆள் கணக்கில் தனியாக வசூலிப்பார்கள். சாப்பிடாமல் தூங்கினாலும் பில் வரும். அது இந்த விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

டைவ் சென்டர் விலைப்பட்டியலில் ‘100 டாலர் பிளஸ் பிளஸ்’ என்று இருக்கும். அந்த இரண்டு பிளஸ்ஸில் ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். மற்றது சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த தொகை மேல்தான் வரி போடுவார்கள் என்பதால் 100 டாலர் 128 டாலர் 70 சென்ட் ஆகிறது. ரிசார்ட்டுகளில் தலைக்கு, இரவுக்கு 12 டாலர் பசுமை வரியும் உண்டு. மூன்று பேர், மூன்று இரவு என்றால் 108 டாலர். ‘வரிகள் உட்பட’ என்று ஏஜெண்ட் வாயால் சொல்வது செல்லாது.

இங்கே இந்தியாவில் டிசிஎஸ் என்று ஒன்றைப் பிடிப்பார்கள். வெளிநாட்டு பேக்கேஜ் விற்கிறவர் உங்களிடம் வாங்கி வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டிய தொகை. சதவீதத்தை பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாற்றுகிறார்கள், எதற்கென்று அவர்களுக்கே வெளிச்சம். அது ஏஜெண்டின் கட்டணம் அல்ல, உங்கள் பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் பான் எண்ணில் அது கட்டப்பட்டிருக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாரா என்று கேளுங்கள்.

ஏஜெண்ட் என்றால் யார்? நம் நாட்டில் சுற்றுலா ஏஜெண்டாக உட்கார நாடு முழுவதற்கும் பொதுவான லைசன்ஸ் எதுவும் கட்டாயமில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் கொடுக்கும் அங்கீகாரமும் விருப்பப்பட்டவர் வாங்கிக்கொள்வதுதான். ஒரு மேஜை, ஒரு போன் இருந்தால் போதும். உங்கள் பணம் அவரிடமிருந்து மும்பையிலோ டெல்லியிலோ ஒரு மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து மாலேயில் ஒரு கம்பெனிக்கு, கடைசியில்தான் ரிசார்ட்டுக்குப் போகும். நடுவில் ஒருவர் கையை விரித்தால் வாசலில் நிற்கப்போவது நீங்கள். அதனால் யாரிடம் பணம் கட்டினாலும், முதல் தவணை கட்டியதும் ரிசார்ட்டின் கன்ஃபர்மேஷன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்த எண்ணைப் போட்டு ரிசார்ட்டுக்கே நேரடியாக மெயில் அனுப்பி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். நாளானாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள். எண் தர ஏஜெண்ட் இழுத்தடித்தால் அடுத்த தவணை கொடுக்காதீர்கள்.

பிபி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். தண்ணீரில் இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். அதில் ஒன்று, 45 வயதைத் தாண்டியவரா என்பது. நீங்கள் ஆம் போட வேண்டும். போட்டால் அடுத்த பக்கத்தில் புகை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், குடும்பத்தில் சின்ன வயதில் இதய நோய் என்று கேட்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஆம் என்றால், மருத்துவர் கையெழுத்து இல்லாமல் உங்களை இறக்க மாட்டார்கள். அந்தக் கையெழுத்தை அங்கே போய் வாங்க நினைக்காதீர்கள். ரிசார்ட் மருத்துவர் இருந்தால் டாலரில் வாங்குவார், இல்லாவிட்டால் உங்கள் இரண்டு டைவும் போச்சு. ‘எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க சார்’ என்று ஏஜெண்ட் சொல்வார், சில இடங்களில் பயிற்சியாளரே கண்ணைக் காட்டுவார். ஏதாவது ஆனால் அந்தப் பொய்க் கையெழுத்தைக் காட்டியே இன்சூரன்ஸ் கம்பெனி கையைக் கழுவிவிடும். படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மருத்துவருக்கான குறிப்பும் அதோடு இருக்கிறது. இரண்டையும் அச்செடுத்து, மாத்திரைச் சீட்டோடு உங்கள் வழக்கமான மருத்துவரைப் பாருங்கள். கட்டுக்குள் இருக்கும் பிபிக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். எந்த வகை மாத்திரை என்பதை அவர் பார்ப்பார், தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை கேட்பார். இதை முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள், டிக்கெட் போட்டுவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. விமான டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் பயணக் காப்பீடு பலவற்றில் ‘சாகச விளையாட்டு’ என்று டைவிங்கை வெளியே தள்ளியிருப்பார்கள். டைவிங் என்ற வார்த்தையும் எத்தனை மீட்டர் வரை என்பதும் பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். முன்பு சொன்ன நைட்ரஜன் குமிழ் பாதிப்புக்குத் தரும் அழுத்த அறை சிகிச்சை வசதி மாலத்தீவில் பண்டோஸ் போன்ற சில தீவுகளில்தான் இருக்கிறது. அங்கே கொண்டுபோகும் செலவே தனிக் கதை.

அந்தமான் சர்டிபிகேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாலத்தீவில் நீட்டாதீர்கள். பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் கடலுக்குள் காட்டியதற்குத் தரும் காகிதம் அது, லைசன்ஸ் அல்ல. மாலத்தீவிலும் மறுபடி அதே ‘ட்ரை டைவ்’தான், அதிகபட்சம் 12 மீட்டர். உண்மையில் டைவிங்தான் ஆசை என்றால் அடிப்படை லைசன்ஸுக்கான ‘ஓபன் வாட்டர்’ பயிற்சியை இங்கேயே தொடங்குங்கள். பாடம் இணையத்தில் படித்துக்கொள்ளலாம், குளப் பயிற்சிக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் மையங்கள் இருக்கின்றன. கடலில் இறங்கும் நான்கு டைவை மட்டும், இங்கே முடித்ததைச் சொல்லும் ரெஃபரல் கடிதத்தோடு மாலத்தீவில் முடிக்கலாம். கடிதம் 12 மாதம் செல்லும். பத்து வயதிலிருந்தே ஜூனியர் லைசன்ஸ் உண்டு என்பதால் உங்கள் மகனும் சேரலாம். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். திருப்பூரில் நீச்சல் குளத்துக்கா பஞ்சம்?

டைவிங்கை உண்மையிலேயே சேர்த்துத் தரும் ரிசார்ட்டுகள் சில இருக்கத்தான் செய்கின்றன. ‘அன்லிமிடெட் ஹவுஸ் ரீஃப் டைவிங்’ என்று போடுவார்கள். தீவை ஒட்டிய பவளத்திட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் வழிகாட்டி வர மாட்டார், லைசன்ஸ் உள்ள இருவர் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். முதலில் உங்கள் திறமையைப் பார்க்க ஒரு செக் டைவ், அதற்குக் காசு. சிலிண்டரும் எடையும் இலவசம், மற்ற உபகரணம் வாடகைக்கு. லைசன்ஸ் வைத்திருக்கும் தம்பதிக்கு இது அருமையான பேரம். உங்கள் மூவருக்கும் இப்போது ஒன்றுக்கும் உதவாது. ஏஜெண்ட் நாளைக்கு இதைக் காட்டி விலையை ஏற்றினால் சிக்காதீர்கள்.

கொட்டேஷனின் முகப்பில் மந்தா திருக்கைகள் கூட்டமாகச் சுற்றும் படம் இருக்கிறது, கீழே ‘ஹனிஃபாரு’. பா அட்டோல் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில் இருக்கும் அந்தக் குடாவில் ஸ்கூபாவுக்கே தடை, குழாயில் மூச்சுவிட்டபடி மேல்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்க்கல் மட்டும்தான். அவை அங்கே கூடுவதும் மே முதல் நவம்பர் வரை. டிசம்பரில் போகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டுவதை என்னவென்று சொல்ல. திமிங்கலச் சுறா பார்க்க வேண்டுமானால் தெற்கு ஆரி அட்டோல் பக்கம் எந்த மாதமும் வாய்ப்புண்டு.

நானாக இருந்தால் ஆல் இன்க்ளூசிவையே தொடமாட்டேன். அந்த விலையில் ஒரு பங்கு பாருக்குப் போகிறது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று டைவ் செய்கிறவர் மாலை வரை மதுவைத் தொடக் கூடாது. குடிக்காத குடும்பம் என்றால் அடுத்த மேஜைக்காரருக்குத்தான் நீங்கள் பில் கட்டுகிறீர்கள். ஸ்பீட்போட்டில் போகிற தூரத்தில் ஒரு தீவு, மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த ‘ஃபுல் போர்டு’, ஐந்து இரவு, டைவிங்குக்கு டைவ் சென்டரிடமே நேரடி மெயில் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் திகுரா மாதிரி மக்கள் வாழும் தீவில் சிறிய விருந்தினர் விடுதி. அங்கே பசுமை வரியும் பாதி, 6 டாலர். டைவ் விலையும் குறைவு. கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டு மே மாதப் பள்ளி விடுமுறைக்குத் தள்ளினால் அறை வாடகை நன்றாக இறங்கும், மழைக்கு மட்டும் தயாராகப் போங்கள்.

கடைசியாக, கொட்டேஷனில் ‘விசா மற்றும் இமுகா பிராசஸிங், ஆளுக்கு 3,500’ என்று போட்டிருக்கிறார். மாலத்தீவு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகத் தரப்படுகிறது. இமுகா என்பது பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் நீங்களே நிரப்பும் படிவம், அதற்கும் காசு கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்களும் உண்டு. மூன்று பேருக்கு 10,500 ரூபாய், அந்த வரியை முதலில் அடிக்கச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.